சிம்பல் விஷயம், பேர் விஷயம்

முதலில் அநியாயம் செய்தவன் டெரன்ஸ். அதற்குப் பிறகு செய்தவர்கள் எத்தனையோ பேர். பேண்டு செட் முதலாளி, கல்யாணச் சத்திரத்துச் சமையல்காரர், இரண்டு மச்சினர்கள், குடத்தை இடம் மாற்றி வைத்த பக்கத்து வீட்டுக்காரி என்று கன்னியப்பனின் மனதுக்குள் குழாயடி வரிசை மாதிரி ஒன்று வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்தது. அறுபத்தெட்டு வயதிலும் அதிலிருந்து ஒருவரைக்கூட அவர் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் வரிசையின் தலையில் நிற்பவன் டெரன்ஸ்தான். சிலுப்பி ஊதிவிட்ட முடி, கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம், சிறுத்தைப் புள்ளி போட்ட இறுக்கமான பேண்ட், இருபத்திரண்டு வயது. இப்போது அறுபதை நெருங்கி ஆஸ்திரேலியாவில் முடி கொட்டிப்போய் உட்கார்ந்திருக்கிறான், ஆனாலும் வரிசையில் அவனுக்கு வயது ஏறுவதில்லை. இந்த அறைக்குள் நுழைந்ததும் அவன்தான் முதலில் வந்து நின்றான். வராமல் என்ன செய்வான், அறை அப்படி. ஐஸ் பெட்டிக்குப் போடுவதுபோல் கனத்த கதவு, சுவரெல்லாம் பொத்தல் பொத்தலாகப் பஞ்சு, ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் மெஷின் முன்னால் காது டெஸ்ட் எடுக்கிற பெண். காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் எவ்வளவு மெல்லிசாகக் கேட்டாலும் அமுத்துங்க ஐயா, கேக்கலைன்னா சும்மா இருங்க, என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். சாத்தியதும் ஊரே அணைந்துபோனது. டோக்கன் கூப்பிடுகிற குரல், யாருடையதோ குழந்தை அழுத அழுகை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மகள் தேன்மொழி எல்லாம் போய், அவருடைய மூச்சு மட்டும் ஒரு மாட்டு மூச்சுபோல மிஞ்சியது. கேட்கவில்லை என்றால் சும்மா இரு. என்ன ஒரு சட்டம். சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் அவர் ஏன் முப்பது வருஷத்துக்கு மேலாக டெரன்ஸைத் திட்டிக்கொண்டிருக்கப் போகிறார். இதே மாதிரி ஓர் அறையில், சுவரில் பஞ்சுக்குப் பதில் முட்டை அட்டை ஒட்டியிருந்த அறையில், இதே மாதிரி ஒரு ஹெட்போனை அவன் தன் கையாலேயே அவர் தலையில் மாட்டினான், காது மடல் மடங்காமல் பார்த்துப் பார்த்து மாட்டினான். அதைச் சொல்ல வேண்டும். திட்டினாலும் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அப்போது வலது காதுக்குள் எங்கோ கிணற்றடியில் ஒருவன் விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. அமுத்தினார்.

காது கெட்டுவிட்டது என்று அவராக இங்கே வரவில்லை. ஒரு பாட்டுக்குள் ஓட்டை விழுந்துவிட்டது என்பதால் வந்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் தேன்மொழி போனை எடுத்துக்கொண்டு வந்து, நைனா, ஒங்க பாட்டு இதுல வந்திருக்கு பாருங்க, என்றாள். ஒங்க பாட்டு என்றுதான் சொன்னாள். பெரம்பூர் ரயில்வே காலனிச் சட்டைக்காரப் பையன்கள், அதாவது ஆங்கிலோ இந்தியப் பையன்கள், நாலு பேர் சேர்ந்து நடத்திய டின்சல் டைகர் என்கிற குழு, அவர்கள் போட்ட முதல் கேசட், அதில் ஒரே ஒரு பாட்டு, பெயர் 'லிப்ஸ்டிக் அட் த லெவல் கிராசிங்'. ரயில்வே கேட்டில் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு நிற்கிற ஒருத்தியைப் பற்றி என்று அப்போதே அர்த்தம் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது பாட்டு என்று ஒன்று வரவில்லை, அதற்குள் ஒவ்வொருவனாகக் கப்பலோ விமானமோ ஏறிவிட்டான். அந்தக் கேசட்டைத்தான் டெரன்ஸ் இத்தனை வருஷம் கழித்துத் தூசி தட்டிப் போனில் வரும்படி ஏற்றியிருந்தான். கன்னியப்பன் போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். காலால் மிதிக்கிற பெரிய டிரம் வந்தது, தும் தும் என்று நெஞ்சில் உதைத்தது, கிடார் வந்தது, டெரன்ஸின் கூச்சல் வந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. பிறகு அந்த இடம் வந்தது. பாட்டின் நடுவில் எல்லோரும் கையை எடுத்துவிட, கன்னியப்பன் மட்டும் சிம்பலில், அந்த இரண்டு வெண்கலத் தட்டுகளில், தூரத்திலிருந்து ரயில் வருவதையும் கேட்டைத் தாண்டுவதையும் போய் மறைவதையும் அடித்துக் காட்டிய இடம். அங்கே ஒன்றும் இல்லை. யாரோ கதவைச் சாத்தியதுபோல் வெறும் அமைதி. எண்ணினார், சரியாகப் பதினாறு அடி அளவுக்கு ஒன்றுமில்லை, பிறகு மறுபடி பெரிய டிரம். சுரண்டி எடுத்துவிட்டான், என்றார். பேரைத்தான் எடுத்தான் என்று பார்த்தால் இப்போது அடியையும் எடுத்துவிட்டான். தேன்மொழி, இல்ல நைனா, ஜல்லு ஜல்லுன்னு நல்லாத்தான் கேக்குது, என்றாள். அவளை நம்ப முடியவில்லை. அவள் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவள், கவுன்டருக்கு வந்து கத்துகிறவர்களிடம் ஆகட்டும் சார், பார்க்கிறோம் சார் என்று சொல்லிச் சொல்லிப் பழகியவள். தன்னிடமும் அப்படித்தான் சொல்கிறாள் என்று நினைத்தார். அதில் கொஞ்சம் அவர் குற்றமும் உண்டு. அமுத்தினார். அமுத்திய பிறகுதான் சத்தம் வந்ததா என்று யோசித்தார்.

ஓட்டேரியில் பேண்டு செட் கடைக்குப் பக்கத்தில் சவப்பெட்டிக் கடை. டெரன்ஸ் முதன்முதலில் வந்தபோது அது ஆடி மாதம், கல்யாணம் இல்லாத மாதம், கன்னியப்பன் கடை வாசலில் ஸ்டூல் போட்டுக்கொண்டு ஈ ஓட்டுவதற்குப் பதில் சைடு டிரம்மில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். டெரன்ஸுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, இது கோட் கடையா, பொட்டிக் கடையா மேன், என்று கேட்டான். போட்டோ எடுக்க நாலு சிவப்புக் கோட் வாடகைக்கு வேண்டும், தோளில் ஜரிகைக் குஞ்சம் தொங்குகிற ஊர்வலக் கோட். அவன் கோலத்தைப் பார்த்து ட்ரம்பெட் ஊதுகிற வேலாயுதம் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பியது, இன்னாடா, பொண்ணு பாக்க வந்தவனா, பொண்ணேவா, என்றான். கன்னியப்பன் சிரிக்கவில்லை. தானே வருஷத்தில் நூறு நாள் தலையில் இறகுக் குல்லா, தோளில் குஞ்சம், வெள்ளைக் கால்சட்டையில் சிவப்புக் கோடு என்று கோமாளி மாதிரி நடுத்தெருவில் போகிறவர், இதில் எவன் எவனைப் பார்த்துச் சிரிப்பது. மினுக்கிக்கொண்டு சத்தம் போட்டால்தான் ஊர் திரும்பிப் பார்க்கும் என்று அந்தப் பையனுக்கும் தெரிந்திருக்கிறது என்றுதான் நினைத்தார். தன்னுடைய கோட்டையே எடுத்துக் கொடுத்தார், இடது கையில் சரவெடி பட்டுக் கருகிய ஓட்டை உள்ளது. அதற்கு நாலாம் நாள் டெரன்ஸ் ஸ்கூட்டரில் வந்து நின்றான், இந்த முறை சாயம் கலைந்து, முகம் செத்துப்போய். அவர்கள் குழுவில் டிரம்ஸ் அடிக்கிறவன் கீத். குச்சியை விரலில் சுழற்றுவான், மேலே எறிந்து பிடிப்பான், இடுப்பு வரை முடி, பெண்களெல்லாம் அவனைத்தான் பார்ப்பார்கள். ரெக்கார்டிங்கில் குச்சி சுழற்றுவது கேட்காதே. கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஸ்டூடியோ எடுத்து, காலையிலிருந்து அடித்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் கீத் தாளத்தில் முந்தி ஓடிவிடுகிறான், பாட்டு பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. அன்று சாயங்காலம் வரைதான் ஸ்டூடியோ. விரலால தட்டினியே மேன், அதே மாதிரி குச்சில தட்டு, என்றான் டெரன்ஸ். கன்னியப்பன் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அத்தனை டிரம்களையும் ஒருவனே உட்கார்ந்து அடிக்கிற செட்டை அதற்கு முன்னால் தூரத்தில்தான் பார்த்திருக்கிறார். காலுக்கு ஒன்று, கைக்கு ஐந்து, தலைக்கு மேல் சிம்பல். அவர்கள் இங்கிலீஷில் ஏதேதோ சொன்னார்கள், தலை சுற்றியது. டெரன்ஸ்தான் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கிட்டே வந்து, "மாப்ள கார் மண்டப வாசலுக்கு வரும்போது எப்படி அடிப்ப? அத அடி மேன். நடுவுல ஒரு கேட்டு வரும், அங்க ஒரு ரயில உடு," என்றான். பிறகு ஹெட்போனை மாட்டினான்.

அப்போதுதான் அது நடந்தது. ஊர்வலத்தில் அடிக்கிறவன் தன் அடியைக் கேட்பதே இல்லை. ட்ரம்பெட் மண்டையைப் பிளக்கும், வெடி போடுவான், ஜெனரேட்டர் வண்டி பின்னாலேயே உறுமும், எவனாவது குடித்துவிட்டுக் காதுக்குள் ஆடுவான், கை தானாகப் போய்க்கொண்டிருக்கும். பன்னிரண்டு வயதிலிருந்து அடித்தவர் முப்பத்தொன்றாவது வயதில், அந்த முட்டை அட்டை அறையில், தன் கையைத் தன் காதால் முதல்முறை கேட்டார். இவ்வளவு சுத்தமாகவா அடிக்கிறேன் என்று கூச்சமாக இருந்தது, ஏதோ அடுத்தவன் வீட்டுக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டதுபோல. ஒரே தடவையில் முடிந்தது. ரயில்வே கேட் இடம் வந்தபோது வியாசர்பாடி கேட் கண்முன் வந்தது, சைக்கிளை நிறுத்திவிட்டுக் கரி எஞ்சின் பெருமூச்சுக்குக் காத்து நின்ற காலைகளெல்லாம் வந்தன, குச்சி நுனியால் வெண்கலத் தட்டின் விளிம்பைத் தடவினார், அது ச்ச்ச் என்று இழுத்து, நெருங்கி, அவரைத் தாண்டிப் போய், ஓட்டேரி தாண்டிப் போய், ஒன்றுமில்லாமல் கரைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீத் கைதட்டினான். முதலில் தட்டியவன் அவன்தான், நல்ல பையன், வரிசையில் அவனை எங்கே நிறுத்துவது என்று இன்றுவரை கன்னியப்பனுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை மாப்பிள்ளைகளுக்கு, எத்தனை பிணங்களுக்கு அடித்தாலும், உள்ளே அந்தச் சத்தம் இருந்தது, வெடிச் சத்தத்துக்குக் கீழேயும் அது கேட்டது. அது ஒருவன் கொடுத்தது. அமுத்தினார். அமுத்தினார். கதவு திறந்தது. அந்தப் பெண் உள்ளே வந்து ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஐயா, நான் சத்தம் குடுக்காதப்பகூட அமுத்துறீங்க. அதுவும் கரெக்டா ஒரே இடைவெளியில," என்றாள். அவர் வெட்கப்பட்டுப்போனார். ஏமாற்றவில்லை. அவள் சத்தத்தை ஒரு கணக்காக விட்டிருக்கிறாள், நாலு எண்ணி ஒன்று, நாலு எண்ணி ஒன்று, கை அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. காதுக்கு வருகிறதா இல்லையா என்பதைக் கை கேட்கவே இல்லை. கையப் பத்தி எழுதிக்காதம்மா, காத எழுது, என்றார். இன்னொரு தடவை எடுக்கிறேன், இந்த முறை தாளம் பிடிக்க முடியாத மாதிரி விடுறேன், என்று அவள் கதவைச் சாத்தினாள்.

மறுபடி ஊர் அணைந்தது. பொத்தானில் இருந்த கட்டை விரலை எடுத்து, தொடையில் வைத்து, மறுபடி பொத்தானில் வைத்தார். இப்போதுதான் பயம் வந்தது. காது போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் என்று முதலில் நினைத்தார். இல்லை, அது வேறு பயம். காது நன்றாக இருக்கிறது என்று இந்தப் பெண் சொல்லிவிட்டால்? அப்படியென்றால் போனில் வருகிற பாட்டில் நிஜமாகவே ரயில் இல்லை. வேறு எங்கும் இல்லை, கேசட் வீட்டில் எப்போதோ நாடா சிக்கிச் செத்துவிட்டது, அவர் நெஞ்சில் மட்டும்தான் இருக்கிறது, அவரோடு போய்விடும். காது போயிருந்தால் ரயில் இருக்கிறது. காது இருந்தால் ரயில் இல்லை. இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும், எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது தெரிந்தபோது அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. எங்கோ ஒரு சத்தம், அமுத்தினார், இது நிஜம். பேரைப் பற்றி நினைக்க வேண்டாம் என்று நினைத்தார், அது வந்து நின்றது. ஒம் பேரு கவர்ல வரும் மேன், நான் போடுறேன், என்று டெரன்ஸ் சொன்னது ஸ்டூடியோவில் அல்ல, சாப்பாட்டு மேஜையில். ரெக்கார்டிங் முடிந்து அவனுடைய வீட்டுக்கு அழைத்துப்போனான், அவனுடைய அம்மா டாலி மஞ்சள் சோறும் கொத்துக்கறி உருண்டைக் குழம்பும் போட்டாள். கன்னியப்பன் பழக்கத்தில் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் எங்கே என்று பார்த்தார், கல்யாண வீடுகளில் பேண்டு ஆட்கள் சாப்பிடுகிற இடம் அதுதானே. எங்க எந்திரிக்கிறே, ஒக்காருடா, என்று அந்த அம்மாள் தோளைப் பிடித்து மேஜையில் உட்காரவைத்தாள், அவள் பிள்ளைக்குப் பக்கத்தில், அதே பூப்போட்ட தட்டில். அந்தக் கை அழுத்தம் தோளில் இப்போதும் இருக்கிறது. கேசட் வந்தது. கவரில் நாலு பேரும் சிவப்புக் கோட்டில் சிலுப்பிக்கொண்டு நின்றார்கள், கீத் போட்டிருந்தது கன்னியப்பனின் கோட், கையில் வெடி ஓட்டை தெளிவாகத் தெரிந்தது. உள்ளே இங்கிலீஷில் பொடி எழுத்து. அவருக்குப் படிக்க வராது. ஆனால் தன் பெயர் நீளமானது என்று தெரியும், அதனால் இருப்பதிலேயே நீளமான வரியில் விரலை வைத்து, இதான் நான், என்று ஐந்து வருஷம் காட்டினார். டீக்கடையில் காட்டினார், மச்சினன் கல்யாணத்தில் காட்டினார், வேலாயுதத்தை ஆள் அனுப்பி வரவழைத்துக் காட்டினார். தேன்மொழிக்கு எட்டு வயதானபோது, வீட்டில் ஆட்கள் இருக்கும்போது, நீ இங்கிலீஷ் படிக்கிறியே, சொல்லு, என்று நீட்டினார். அவள் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். "இதுல ஒம் பேரு இல்ல நைனா. இதக் காப்பி எடுத்தா போலீஸ் புடிக்கும்னு போட்டிருக்கு. டிரம்ஸ்ல கீத்துன்னு போட்டிருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு நாள் அவர் அந்தக் குழந்தையோடு பேசவில்லை. டெரன்ஸோடு பேசாமல் இருந்திருக்க வேண்டும், அவன் அதற்குள் விமானம் ஏறிவிட்டான், கைக்கு எட்டியது இவள்தான். அன்றிலிருந்துதான் அவள் அவரிடம் எல்லாவற்றையும் பஞ்சு சுற்றிச் சொல்லப் பழகினாள். அவளை வரிசையில் நிறுத்தவில்லை. அவளுடைய வரிசையில் தான் நிற்கிறோமோ என்று முட்டாள்தனமாக ஒன்று தோன்றியது. கை துடித்தது, அமுத்து, இப்போது வரும், இப்போது வந்திருக்கும் என்றது. அவர் அமுத்தவில்லை. கேட்கவில்லை, ஆகவே சும்மா இருந்தார். ரொம்ப நேரம் சும்மா இருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் விரல்கள் எதையோ திருப்பிக்கொண்டும் தட்டிக்கொண்டும் இருப்பது தெரிந்தது, அவள் ஏதோ அனுப்புகிறாள், ஒன்றும் வந்து சேரவில்லை. அந்த வெறுமையை அவர் அடையாளம் கண்டுகொண்டார். பாட்டில் அந்த ரயில்வே கேட் இடத்தில் இருந்த அதே வெறுமை. பதினாறு அடி எண்ணினார்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் காகிதத்தை மேஜையில் வைத்துக் காட்டினாள். ஒரு கோடு, இடது பக்கம் மேடாக நடந்து வந்து, பாதியில் கிணற்றில் விழுவதுபோல் கீழே விழுந்திருந்தது. தடித்த சத்தமெல்லாம் ஓரளவு கேக்குது ஐயா, கீச்சுச் சத்தம், உலோகச் சத்தம் மாதிரி மேல இருக்கிறதெல்லாம் ரெண்டு காதுலயும் போயிருக்கு, ரொம்ப வருஷமா கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கும், என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள், அவர் உடைந்துவிடுவார் என்று தேன்மொழியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு. கன்னியப்பன் காகிதத்தை எடுத்துக் கோடு விழுந்த இடத்தில் விரலை வைத்தார். அப்ப சிம்பல் இங்க இருக்குது, என்றார். அவளுக்குப் புரியவில்லை. தேன்மொழிக்குப் புரிந்தது, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். காதுக்கு மெஷின் வைத்தால் அது கேட்குமா என்று கேட்டார். கேக்கும், ஆனா அதே மாதிரி இருக்காது, பழகணும், என்றாள் அந்தப் பெண். அதே மாதிரி வேண்டாம், இருப்பது தெரிந்தால் போதும். அவளுக்கு இரண்டு தடவை கும்பிடு போட்டார். உனக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்றார். கெட்ட செய்தி சொன்னவளை இப்படி யாரும் வாழ்த்தியிருக்க மாட்டார்கள்போல, அவள் விழித்தாள். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, போன எடு, என்றார் மகளிடம். அந்தப் பாட்டுக்குக் கீழே யாரோ ஒருவர், டிரம்ஸ் யார் என்று மூன்று வாரத்துக்கு முன்னாலேயே கேட்டிருந்தார், டெரன்ஸ் பதில் எழுதவில்லை என்று தேன்மொழி சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. அதுங்கீழ எழுது, என்று சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். டெரன்ஸ், நான் ஓட்டேரி பேண்டு செட் கன்னியப்பன். சிம்பல் விஷயத்தில் உன்னைத் தப்பாக நினைத்து மூன்று வாரம் திட்டிவிட்டேன். அது உன் தப்பில்லை, என் காது. மன்னித்துக்கொள். அன்றைக்கு ஹெட்போன் மாட்டிவிட்டாய், உன் அம்மா பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள், இரண்டையும் நான் மறக்கவில்லை, நீ நன்றாக இருக்க வேண்டும். இவ்வளவு சொல்லிவிட்டு, இன்னும் ஒரு வரி எழுது, என்றார். பேர் விஷயம் அப்படியே இருக்கிறது. தேன்மொழி நிமிர்ந்தாள். "அத முன்னாடி போட்டுட்டு, நன்றிய கடைசில வெக்கட்டா நைனா? படிக்க நல்லாருக்கும்." வேண்டாம் என்று தலையசைத்தார், கடைசியில் நிற்க வேண்டியது பேர் விஷயம்தான். அவள் இந்த முறை பஞ்சு சுற்றவில்லை, சரி என்று அப்படியே விட்டாள். இங்கிலீஷில் மாற்றிப் போடவா என்று மட்டும் கேட்டாள்.

"தமிழ்லயே போடு. அவனுக்குப் படிக்க வராது. யார்கிட்டயாச்சும் விரல வெச்சிக் காட்டிக் கேட்டுக்கட்டும்."